நாள் மாறாது, கடை மாறும்: வேலூர் ஞாயிற்றுக்கிழமைக் காபி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் நண்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் காலை ஆறரை மணிக்கு ஒரு காபிக் கடையில் கூடுகிறோம். வாராவாரம் வேறு கடை. கேள்விப்படுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். வர விரும்புகிறவர்களுக்கும், தங்கள் ஊரில் இப்படி ஒன்று தொடங்க நினைக்கிறவர்களுக்கும் சேர்த்துப் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

யார் யார் வருகிறார்கள்?

ஒரே பள்ளியில் படித்த நாலைந்து பேர்தான் ஆரம்பித்தது. எல்லோரும் இதே ஊரில் இருந்தும், கல்யாண ரிசப்ஷனிலும் சாவு வீட்டிலும் மட்டுமே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறோம் என்பது ஒரு நாள் உறைத்தது. அப்புறம் அவரவர் பழக்கத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். சத்துவாச்சாரியில் இருக்கும் ஓய்வு பெற்ற தாசில்தார் ஆபீஸ்காரர் ஒருவர், அவரை எல்லோரும் ‘சார்’ என்போம். பாகாயத்திலிருந்து வரும் நர்ஸ் அக்கா. லாங் பஜாரில் மொத்த மளிகை பார்க்கும் பாய். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் இருவர். காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி.

ஒரு வாரம் நாலு பேர் இருப்போம், இன்னொரு வாரம் பத்துப் பேர். பத்தைத் தாண்டினால் பேச்சு இரண்டாக உடைந்துவிடுகிறது, அதனால் பெருக்கிக்கொண்டே போகும் எண்ணம் இல்லை. தலைவர், செயலாளர், சந்தா எதுவும் கிடையாது. கூட்டத்துக்குப் பெயர்கூட வைக்கவில்லை.

ஏன் ஞாயிறு காலை? அந்த ஒரு நாளாவது தூங்க வேண்டாமா?

சனிக்கிழமை மாலை ரிசப்ஷன் வரும். ஞாயிறு மாலை சொந்தக்காரர்கள் வருவார்கள், அல்லது திங்கட்கிழமைக் கவலை வந்துவிடும். ஞாயிறு காலை ஆறரைக்கு மட்டும் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. எட்டு மணிக்குக் கடையிலிருந்து எழுந்துவிட்டால் கறி வாங்க வேண்டியவர் கறி வாங்கலாம், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக வேண்டியவர் போகலாம். வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும் ஊர் இது. சுற்றிலும் மொட்டைப் பாறை மலைகள். ஒன்பது மணிக்கெல்லாம் அவை அனலை வீச ஆரம்பித்துவிடும்.

அதைவிட முக்கியம், நாளையும் நேரத்தையும் ஒருபோதும் பேச்சுக்கு விடக் கூடாது என்பது. “இந்த வாரம் யாருக்கு எப்ப வசதி?” என்று வாட்ஸாப்பில் கேட்க ஆரம்பித்த கூட்டம் கொஞ்ச நாளில் அடங்கிவிடும். ஒருவருக்குச் சரிப்பட்டால் இன்னொருவருக்குச் சரிப்படாது, கடைசியில் “அடுத்த வாரம் பாத்துக்கலாம்” என்று முடியும். நாள் நிலையாக இருந்தால் வராதவர் வராமல் போவார், கூட்டம் நடக்கும். அடுத்த ஞாயிறு அவர் வந்து உட்காரும்போது கூட்டம் அங்கே இருக்கும். நாற்பது வயதுக்கு மேல் நட்பைக் காப்பாற்ற இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

நாள் மாறக் கூடாது என்றால் கடை மட்டும் ஏன் மாற வேண்டும்? ஒரே கடையில் உட்கார்ந்தால் பழக்கமாகிவிடுமே?

பழக்கமாகிவிடும், அதுதான் சிக்கல். ஒரே கடை என்றால் அந்தக் கடைக்குப் பக்கத்தில் இருப்பவர் வாராவாரம் வருவார், தூரத்தில் இருப்பவர் மெல்ல நின்றுபோவார். வேலூர் நீளமான ஊர். ஒரு முனையில் காட்பாடி, மறுமுனையில் பாகாயம், நடுவில் பாலாறு. ‘ஆத்துக்கு அந்தாண்ட’ என்றாலே சோம்பல் வந்துவிடும் ஆட்கள் இரண்டு பக்கமும் உண்டு. கடை மாறினால் ஒரு வாரம் உங்களுக்குத் தூரம், ஒரு வாரம் எனக்குத் தூரம். யாரும் யாருக்காகவும் எப்போதும் வந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

கடைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். ஞாயிறு காலைதான் சிறிய கடைகளுக்கு நல்ல வியாபாரம். எட்டுப் பேர் வாராவாரம் இரண்டு மேசையைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் அவர் வாயால் சொல்ல மாட்டார், வயிறு எரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதே மனிதர் “வாங்க சார், ரொம்ப நாளாச்சு” என்பார்.

இன்னொன்று, சொந்த ஊரைப் பார்ப்பது. கொசப்பேட்டையில் பிறந்து வளர்ந்த ஒருவர், காங்கேயநல்லூரில் இறங்கியதே இல்லை என்றார். கிருபானந்த வாரியார் 1906-இல் பிறந்த ஊர், ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். காபி குடித்துவிட்டு அவருடைய நினைவாலயம் வரை நடந்துபோய் வந்தோம். வீடு, வேலை, மாமியார் வீடு என்ற மூன்று புள்ளிக்குள் நம் ஊர் சுருங்கிப்போகிறது. கடை மாறும்போது அது கொஞ்சம் அகலமாகிறது.

கடையை யார் முடிவு செய்வார்கள்?

முறை வைத்திருக்கிறோம். இந்த வாரம் யார் முறையோ அவர் வியாழக்கிழமை இரவுக்குள் கடையைச் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் மறுத்துப் பேசக் கூடாது. “அங்க காபி நல்லா இருக்காதே” என்று ஒருவர் ஆரம்பித்தால் நாளடைவில் ஒரே ஆளின் நாக்குக்குத்தான் எல்லோரும் குடிக்க வேண்டியிருக்கும். காபி சுமாராக இருந்த வாரங்களில் பேச்சு சுமாராக இருந்ததில்லை.

நிபந்தனைகள் சில உண்டு. ஆறரைக்குக் கடை திறந்திருக்க வேண்டும். எல்லோரும் உட்கார இடம் இல்லாவிட்டாலும் ஓரமாக நிற்க இடம் வேண்டும். கழிப்பறை கடையிலோ பக்கத்திலோ இருக்க வேண்டும். முன்பு போன கடைக்கு மூன்று மாதத்துக்குள் திரும்பக் கூடாது.

எந்தப் பகுதியில் எப்படிப்பட்ட கடை கிடைக்கும்?

கடைப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. தேடிப்போவதில் பாதி சந்தோஷம் இருக்கிறது. பகுதியைச் சொல்கிறேன்.

கோட்டைப் பக்கம், பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, காலையில் நடைப்பயிற்சி முடித்து வருகிறவர்களுக்காகவே திறக்கும் கடைகள் உண்டு. அகழியை ஒட்டி நடந்துவிட்டு வியர்வையோடு வந்து சர்க்கரை இல்லாத காபி கேட்பவர்கள் கூட்டம். ஜூலை 10-ஐ ஒட்டிய ஞாயிறு எங்கள் முறை பெரும்பாலும் அங்கேதான் விழும். 1806-இல் அந்தத் தேதியில்தான் கோட்டைக்குள் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்தார்கள். மக்கான் சந்திப்பில் இருக்கும் நினைவுத் தூணைப் பார்த்துவிட்டு வந்தால் பேச்சு தானாகவே அந்தப் பக்கம் போகும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பல காலம் மூலவர் இல்லாமல் இருந்தது, 1981-இல்தான் லிங்கம் சத்துவாச்சாரியிலிருந்து திரும்ப வந்தது. அந்த நாளில் தெருவில் நின்று பார்த்த சார், கூட்டத்தையும் போலீஸையும் சொல்லும்போது கடைக்காரரே கல்லாவை விட்டு வந்து கேட்டார்.

லாங் பஜார், நேதாஜி மார்க்கெட் பக்கம் காபியை எதிர்பார்க்காதீர்கள், டீ குடியுங்கள். விடியற்காலையிலேயே மூட்டை இறக்குகிறவர்களுக்காகப் போடுகிற டீ அது, டிக்காஷன் தூக்கலாக, சர்க்கரையும் தூக்கலாக. உட்கார இடம் இருக்காது. நின்றபடி குடித்துவிட்டு வேறு எங்காவது நகர வேண்டும். அங்கே முறை வரும்போது பக்கத்திலேயே இருக்கும் பெரியார் பூங்காவுக்கு நடந்துபோய்ப் பேசுவோம்.

சத்துவாச்சாரியில் ஹவுசிங் போர்டு வந்த பிறகு குடியேறிய அரசு ஊழியர் குடும்பங்கள் அதிகம். அதற்கேற்ற சைவ ஓட்டல்கள், டபரா செட்டில் காபி, பொங்கல் வடை. காந்தி நகர்ப் பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான், மரநிழல் கொஞ்சம் அதிகம். காட்பாடி ஸ்டேஷன் எதிரே இருக்கும் கடைகளில் காபி அவசரக் காபி. ரயில் பிடிக்கிறவர்களுக்காகப் போட்டது. ஆனால் பெங்களூருக்கும் சென்னைக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள் பெட்டியோடு நின்று குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வி.ஐ.டி. பக்கம் போனால் கோல்டு காபியும் மேகியும்தான், அதுவும் ஞாயிறு காலை ஒன்பதுக்கு முன்னால் அந்தப் பகுதி கண்ணையே திறப்பதில்லை. தம்பியின் முறை வரும்போது அதனால் அவன் திண்டாடுவான்.

பாகாயம், தொரப்பாடி அமைதியான இடங்கள். மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டிய சாலையில் பறவைச் சத்தம் கேட்டபடி குடிக்கலாம்.

ஏசி போட்ட கஃபேக்களுக்கும் எப்போதாவது போவதுண்டு. தெருக்கடையில் 15, 20 ரூபாய்க்குக் கிடைப்பது அங்கே 150-ஐத் தாண்டும். முறைக்காரருக்குப் பாரமாகும் என்பதால் அந்த வாரம் அவரவர் காசு.

ஆஸ்பத்திரிப் பக்கம் போவீர்களா? அங்கே கூட்டமாக இருக்குமே?

போவோம், விரும்பியே போவோம். டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய இடம்தான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அதன் எதிரே உள்ள தெருக்களில் போர்டுகளைப் பார்த்தால் பாதி வங்காளத்திலும் இந்தியிலும் இருக்கும். மேற்கு வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், பங்களாதேஷ் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். வேலூர்க்காரர்கள் பலர் அந்தத் தெருவை நெரிசல் என்று மட்டும்தான் நினைக்கிறார்கள். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

ஒருமுறை வேறு இடம் இல்லாமல் எங்கள் மேசையில் ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் ஸ்கேன் கவர், ரசீதுகள், ரப்பர் பேண்டு போட்ட மாத்திரை அட்டைகள். மனைவிக்கு மறுநாள் ஆபரேஷன். டபராவில் வந்த காபியை எப்படிக் குடிப்பது என்று தெரியாமல் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாய்க்கு உருது தெரியும் என்பதால் பேச்சு ஓடியது. பாயே டம்ளரை எடுத்து டபராவில் ஊற்றி, திரும்ப டம்ளருக்கு மாற்றி, ஆற்றிக் காட்டினார். பெரியவர் இரண்டாவது முறையிலேயே சிந்தாமல் ஆற்றிவிட்டார். கிளம்பும்போது “அடுத்த ஞாயிறும் இங்கேதானே?” என்று கேட்டார். எங்கள் வழக்கப்படி இல்லை. அடுத்த முறைக்காரர் ஷூ கம்பெனி நண்பர். அவர் யோசிக்கவே இல்லை, அதே தெருவில் இரண்டு கடை தள்ளி இன்னொரு கடையைச் சொன்னார். வழக்கமும் கெடவில்லை, பெரியவரும் வந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அன்றைக்குக் காபிக் காசைக் கொடுக்க எங்களை விடவில்லை அவர்.

நல்ல ஃபில்டர் காபி என்று எதைச் சொல்கிறீர்கள்?

இதில் எங்களுக்குள் ஒற்றுமை இல்லை. என் கருத்தைச் சொல்கிறேன்.

மாஸ்டரின் கையைப் பாருங்கள். நல்ல கடையில் டம்ளரில் முதலில் டிக்காஷன் விழும், அளவு கண்ணுக்குத் தெரியும். பிறகு சர்க்கரை, அப்புறம் கொதிக்கும் பால் உயரத்திலிருந்து. ஆற்றும்போது நிறம் செங்கல் பக்கம் வர வேண்டும். பால் வெளுப்பாகவே நின்றால் அது இரண்டாவது டிக்காஷன், அதாவது ஒருமுறை இறக்கிய தூளிலேயே மறுபடி வெந்நீர் ஊற்றி எடுத்தது. டிக்காஷனைப் பாத்திரத்தோடு அடுப்பில் வைத்துச் சுட வைக்கும் கடையில் காபி கேட்காதீர்கள். மணம் போய்க் கசப்பு மட்டும் மிஞ்சும்.

காலை ஆறரைக்குப் போவதில் இங்கேதான் லாபம். அது அன்றைய முதல் டிக்காஷன், பாலும் முதல் கொதி. பத்து மணிக்கு அதே கடையில் அதே மாஸ்டர் போட்டாலும் கொதித்துக் கொதித்துக் குறுகிய பாலில் அந்தச் சுவை வராது.

தூளைப் பொறுத்தவரை, ஓட்டல்களில் பெரும்பாலும் அராபிகாவும் ரோபஸ்டாவும் கலந்துதான் போடுவார்கள். ரோபஸ்டா கெட்டியையும் கசப்பையும் தரும், கஃபீனும் அதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மணம் அராபிகாவிலிருந்து வரும். பீபெரி என்பது பழத்துக்குள் இரண்டு கொட்டைக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைவது. பீபெரியும், அராபிகாவில் ஒரு தரமான பிளான்டேஷன் ஏ-யும் பாதிப் பாதி அரைத்து வாங்குகிற வீடுகள் ஊரில் நிறைய. அரவைக் கடை வாசலில் காலையில் நின்றால் போதும், குடிக்கவே வேண்டாம்.

தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்தப் பக்கத்து ஆட்கள் பேச வேண்டும். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட கதை நாடறிந்தது. வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. போர் தண்ணீரில் உப்பு ஏறிய இடங்களில் எவ்வளவு நல்ல தூளானாலும் டிக்காஷன் சப்பென்றுதான் இறங்கும். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ பயன்படுத்தும் கடைக்கும் போர் தண்ணீர்க் கடைக்கும் வித்தியாசம் முதல் வாயிலேயே தெரிந்துவிடும். ராணிப்பேட்டை நண்பர்கள் இருவரும் தோல் தொழிலில் சம்பளம் வாங்குகிறவர்கள். இந்தப் பேச்சு வந்தால் அவர்கள்தான் அதிகம் பேசுவார்கள், வேலையும் வேண்டும் தண்ணீரும் வேண்டும் என்று.

பித்தளை டபரா, செம்புப் பாத்திரம் வைத்த ‘டிகிரி காபி’ கடைகள்?

பார்க்க அழகாக இருக்கும். பாத்திரத்துக்கும் காபிக்கும் சம்பந்தம் இல்லை. சில இடத்தில் காபியும் நன்றாக இருக்கும்.

சிக்கரி கலப்படமா?

இல்லை. சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்து அரைத்தது. அதில் கஃபீன் கிடையாது. டிக்காஷனுக்கு நிறமும் கெட்டியும் கொடுக்கும். சட்டப்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும், எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சடித்திருக்க வேண்டும். சொல்லிக் கலந்தால் அது கலவை. காபி விலைக்குச் சொல்லாமல் கலந்தால்தான் ஏமாற்று. 80-க்கு 20 எனக்குப் பிடித்த அளவு. பாதிக்குப் பாதி என்றால் வாயில் இனிப்புக் கசப்பு ஒட்டிக்கொள்கிறது.

காபி குடிக்காதவர் வரலாமா?

தாராளமாக. டீ, பால், சுக்கு காபி, வெறும் வெந்நீர் எதுவானாலும் சரி. சர்க்கரை உள்ளவர்கள் எங்களில் பாதிப் பேர். “சீனி இல்லாம நாலு, கம்மியா ரெண்டு” என்று மாஸ்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

ஆற்காட்டிலிருந்து யாராவது வந்தால் மக்கன் பேடா கொண்டுவந்து ஆளுக்கொன்று வைப்பார். சர்க்கரைப் பாகில் ஊறியது, உள்ளே முந்திரி, திராட்சை. அதைத் தின்றுவிட்டுக் காபி குடித்தால் காபி தண்ணீர் போல இருக்கும். பேடாவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

பில் யார் கொடுப்பது?

கடையைச் சொன்னவர் காபிக்கு மட்டும் கொடுப்பார். டிபன் அவரவர் செலவு. வாராவாரம் தலைக்கு இவ்வளவு என்று ஜிபேயில் பிரித்துக்கொண்டால் கணக்குப் பார்க்கும் பழக்கம் வந்துவிடும். முறை வைத்தால் ‘போன வாரம் அவர், இந்த வாரம் நான்’ என்பதோடு முடிந்தது. படிக்கிற தம்பிக்கும், வேலை இல்லாமல் இருக்கிறவருக்கும் பில் முறை கிடையாது, கடை சொல்லும் முறை மட்டும் உண்டு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு காபியை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்காரலாம்?

கடையைப் பொறுத்தது. நின்று குடிக்கும் டீக்கடை என்றால் பத்து நிமிடம், அப்புறம் நடை. ஓட்டலில் ஏழு மணி வரை பிரச்சினை இல்லை. ஏழரைக்குக் குடும்பங்கள் டிபனுக்கு வர ஆரம்பித்தால் நாங்களும் டிபன் சொல்லிவிடுவோம், இல்லாவிட்டால் எழுந்துவிடுவோம். யாராவது குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேசைக்காக நிற்பது கண்ணில் பட்டால் கதை எவ்வளவு சுவாரசியமாக இருந்தாலும் மீதியை வாசலில் வைத்துக்கொள்வோம். மேசை துடைக்கிற பையனுக்கு டிப்ஸ் தனியாகக் கையில் கொடுப்போம். பில் புத்தகத்தில் வைத்தால் அவனுக்குப் போய்ச் சேருமா என்பது உறுதியில்லை.

பெண்கள் வரலாமா?

வருகிறார்கள். ஆனால் இது ‘வரலாம்’ என்று சொன்னால் மட்டும் நடந்துவிடாது. டீக்கடை வாசல் என்பது நம் ஊரில் ஆண்கள் நிற்கும் இடமாகவே இருந்துவிட்டது. நர்ஸ் அக்கா முதலில் வந்தபோது கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கழிப்பறை நிபந்தனையை வைத்தது அவர்தான். நைட் டியூட்டி முடிந்து நேராக வருகிறவருக்கு அது எவ்வளவு முக்கியம் என்று அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது அவர் இன்னொரு தோழியையும் அழைத்து வருகிறார். அவர்கள் முறையில் நின்று குடிக்கும் டீக்கடையையே சொல்வதும் உண்டு, வேண்டுமென்றேதான். நாலு முறை போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படி என்னதான் பேசுவீர்கள்? அரசியல் பேசிச் சண்டை வராதா?

அரசியல் வரும், குரலும் உயரும். கட்சி வேறு வேறுதான். ஆளைத் தாக்கிப் பேசினால் சார் “சரி, இன்னொரு காபி சொல்லுங்கப்பா” என்பார். அது நிறுத்து என்பதற்கு அடையாளம், எல்லோருக்கும் தெரியும்.

மற்றபடி பிள்ளைகள் படிப்பு, முட்டி வலி, வாடகை, கிரிக்கெட், யார் வீட்டில் என்ன விசேஷம். ஊர் விஷயம் நிறைய வரும். 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது வேறு பேச்சே இல்லை. கரையிலிருந்து கரை வரை தண்ணீர் ஓடியதைப் பார்க்கக் குழந்தை குட்டியோடு ஊரே பாலத்தில் நின்றது. மணலைத் தவிர எதையும் பார்க்காத ஆற்றில் அப்படித் தண்ணீர் போனதை இன்றைக்கும் யாராவது ஒருவர் எடுத்துவிடுவார். அதே சமயம் கோட்டைக் கோயிலுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது.

போனைப் பையில் வையுங்கள் என்று யாரும் சொல்வதில்லை. வைத்துவிடுவார்கள்.

ரம்ஜான் மாதத்தில் என்ன செய்வீர்கள்?

அந்த ஒரு மாதம் மட்டும் நாள் அதே ஞாயிறு, நேரம் இரவு. தராவீஹ் தொழுகை முடிந்து பாய் வந்த பிறகு கூடுவோம். முஸ்லிம் தெருக்களில் கடைகள் அப்போது நள்ளிரவைத் தாண்டியும் திறந்திருக்கும், நல்ல கெட்டி டீ கிடைக்கும். நோன்பு இருக்கும் நண்பரை எதிரே வைத்துக்கொண்டு காலையில் நாம் காபி உறிஞ்சுவது சரியில்லை என்பதற்காகத் தொடங்கியது. இப்போது எல்லோரும் வருடம் முழுவதும் எதிர்பார்க்கிற மாதம் அதுதான். சாயங்காலமே போனால் நோன்புக் கஞ்சியும் உண்டு, பாய் வீட்டிலிருந்து தூக்கில் வரும்.

தாமதமாக வரலாமா? வராமல் இருந்தால்?

தாமதமாக வருகிறவரிடம் “இன்னாபா, இப்பதான் விடிஞ்சுதா?” என்பார்கள். “வந்துகினே கீறேன்” என்று போனில் சொன்னவர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியும். அதோடு சரி.

வராததற்குக் காரணம் கேட்பதில்லை. ஆனால் தொடர்ந்து மூன்று வாரம் ஒருவர் வரவில்லை என்றால் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். போன் போதாது, நேரில். சாருடைய வீட்டம்மா இறந்த பிறகு அவர் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார். கூப்பிட்டால் “பாக்கலாம்பா” என்பார். கடை மாறும் வழக்கம் அப்போதுதான் பெரிய உதவியாக இருந்தது. அடுத்தடுத்து முறை வந்தவர்கள் எல்லோரும் சத்துவாச்சாரியிலேயே கடை சொன்னார்கள். அவர் தெருமுனைக் கடை ஒரு வாரம், அடுத்த தெரு ஒரு வாரம். முதல் வாரம் அவர் வரவில்லை. இரண்டாவது வாரம் பால் பாக்கெட் வாங்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, பாக்கெட்டை மேசையில் வைத்து உட்கார்ந்தார். அப்புறம் மெல்ல மெல்லக் கடையைத் தள்ளித் தள்ளிச் சொல்லிக் கோட்டை வரைக்கும் அவரை அழைத்து வந்துவிட்டோம்.

புதிதாக ஒருவரை அழைத்து வரலாமா?

உங்கள் முறை வரும்போது ஒருவரை அழைத்து வாருங்கள். சீட்டு, பாலிசி, பிளாட் விற்பனை எதையும் மேசையில் எடுக்கக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் இல்லை.

எங்கள் ஊரில் தொடங்க நினைக்கிறோம். என்ன செய்ய வேண்டும்?

ஆம்பூர், குடியாத்தம், ஆற்காடு, வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று இந்தக் கேள்வி பல இடங்களிலிருந்து வருகிறது. வட ஆற்காடு 1989-இல் இரண்டாகப் பிரிந்தது, 2019-இல் வேலூர் மாவட்டமும் மூன்றாகப் பிரிந்தது. ஆட்கள் பிரியவில்லை. அதனால் சொந்த மனிதர்களுக்குச் சொல்கிற மாதிரியே சொல்கிறேன்.

மூன்று பேர் போதும். ஆள் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள், மூன்று பேரில் ஒருவர் வராத வாரம் இருவராக உட்காருங்கள். நாளையும் நேரத்தையும் முதலிலேயே முடிவு செய்து அப்படியே விட்டுவிடுங்கள். சிறிய ஊரில் கடைகள் குறைவு என்பார்கள். எண்ணிப் பாருங்கள், பேக்கரி, பஸ் ஸ்டாண்டு ஓட்டல், மார்க்கெட் டீக்கடை, ஹைவே கடை எல்லாம் சேர்த்தால் ஒரு டஜனாவது தேறும். மூன்று மாதச் சுற்றுக்கு அது போதும். வாட்ஸாப் குழு வைத்தால் அதில் வியாழக்கிழமை கடைப் பெயர் மட்டும் போடுங்கள். குட்மார்னிங் படங்கள் வர ஆரம்பித்தால் கடைப் பெயர் அதில் காணாமல் போய்விடும்.

பஸ்ஸில் வர முடியுமா? வண்டி எங்கே நிறுத்துவது?

காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே டவுன் பஸ் விடியற்காலையிலிருந்தே ஓடுகிறது. ஊரின் பெரும்பாலான கடைகளுக்கு அதில் வந்து கொஞ்ச தூரம் நடந்தால் போதும். டூவீலரில் வருகிறவர்கள் கடை வாசலை அடைத்து நிறுத்தாதீர்கள், பால் வண்டி வர வழி வேண்டும். காரில் வருவதாக இருந்தால் லாங் பஜார் வாரத்தில் மட்டும் வேண்டாம், லாரிகள் சரக்கு இறக்கி முடிக்க எட்டு மணியாகிவிடும்.